பிரின்ஸின் 'டேர்ட்டி மைன்ட்': ஓர் இசைத்தட்டும் அதன் வார்ப்புகளும்

தான் ஆக்கியதைத் தானே மறுக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டா? நூலாசிரியர்களைப் பொறுத்தவரை இவ்வினா புதிதன்று. இளமையில் எழுதியவற்றை முதுமையில் நாணத்தோடு ஒதுக்கியவர்கள் எல்லா மொழிகளிலும் உளர். இசைத்தட்டு விடயத்திலும் இதே வினா எழுகின்றது. நூலைக் காட்டிலும் கூர்மையாகவே எழுகின்றது என்பது என் எண்ணம். நூல் மறுபதிப்பாகும்போது ஆசிரியன் ஒரு சொல்லை நீக்கலாம், ஓர் அத்தியாயத்தையே மாற்றலாம். தட்டிலோ, ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட மனிதனின் தொண்டையிலிருந்து எழுந்த ஒலி சாலாக உழப்பட்டுக் கிடக்கின்றது. அதனை அழிக்க வேண்டுமாயின் தட்டையே உடைக்க வேண்டும்.

இவ்வினாவை ஆராய நான் எடுத்துக்கொண்டது அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 1980 ஒக்டோபர் 8 ஆம் நாள் வெளியிட்ட 'டேர்ட்டி மைன்ட்' என்னும் தொகுதி. தலைப்பைத் தமிழாக்கினால் 'அழுக்கு மனம்' என்றாகும். வெளியிட்டது வோர்னர் பிரதர்ஸ் நிறுவனம். எட்டுப் பாடல்கள், மொத்தம் அரைமணி நேரத்துக்குச் சற்றே அதிகம். இதன் பெயரைக் கேட்டவுடன் முகஞ் சுளிக்கும் அன்பர்கள் இருப்பர். அவர்களது சுளிப்புக்கு நியாயமில்லை என்று நான் வாதாட வரவில்லை. அந்தச் சுளிப்பை வேண்டியே இத்தட்டு ஆக்கப்பட்டது. ஆயினும் அதனோடு அது முடிந்துவிடவில்லை என்பதே என் கட்சி.

பிரின்ஸ் 1958 ஆம் ஆண்டு மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரிற் பிறந்தவர். தந்தையார் ஜாஸ் பியானோ வாசித்தவர். மேடையில் அவருக்கிருந்த பெயரே மகனுக்கு இயற்பெயராயிற்று. 1977 ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், வோர்னர் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார். தம் தொகுதிகளைத் தாமே நெறிப்படுத்தித் தயாரிக்கும் உரிமை அவ்வயதிலேயே அவருக்குக் கிடைத்தது பெரிய காரியம். 1978 இல் வந்த முதலாவது தொகுதியில் எல்லா வாத்தியங்களையும் அவரே வாசித்தார். அதனைச் செப்பஞ் செய்வதில் அவர் காட்டிய பிடிவாதம் காரணமாக, மூன்று தொகுதிகளுக்கென ஒதுக்கப்பட்ட பணத்தின் பெரும்பகுதியை அந்த ஒன்றே விழுங்கிற்று. 1979 இல் வந்த இரண்டாவது தொகுதி பொதுமக்களிடையே நன்கு செலாவணியாயிற்று. அதிலிருந்த காதற்பாட்டொன்று கறுப்பின மக்களுக்கான இசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. இனி இந்த இளைஞர் ஆண்டுக்கொரு காதற் தொகுதி தந்துகொண்டிருப்பார் என்று கொம்பனியார் எதிர்பார்த்திருப்பின் அதில் வியப்பில்லை.

அவர் தந்தது வேறு. 1980 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மினியாபொலிஸுக்கு அண்மையிலுள்ள வீடொன்றிற் சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டு, பெரும்பாலும் தனியாகவே இருந்து பாடல்களைப் பதிவு செய்தார். அவை முதலில் மாதிரிப் பதிவுகளாகவே கருதப்பட்டன. அதாவது, பின்னர் நல்லதொரு கூடத்திற் சென்று திருத்தமாகப் பாடுவதற்கான முன்வரைவுகள். அந்த முன்வரைவுகளையே அப்படியே வெளியிட வேண்டும் என அவர் வற்புறுத்தினார். வெளியீட்டாளரும் ஈற்றில் இணங்கினர். முதற் தொகுதியில் ஒவ்வோர் ஒலியையும் மெருகிட்டு மெருகிட்டுப் பணத்தைக் கரைத்த அதே மனிதர், இரண்டு ஆண்டுகளுள் மெருகையே வேண்டாமென்று தள்ளியதை எண்ணிப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் பிரதியை அடித்தல் திருத்தலோடு அச்சுக்குக் கொடுத்த துணிவு இது. ஒலிப்பதிவுப் பொறியாளராக உறையிற் குறிக்கப்பட்டிருக்கும் 'ஜேமி ஸ்டார்' என்பவரும் பிரின்ஸே. புனைபெயரில் ஒளிந்து விளையாடுவது அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்த வழக்கம்.

இந்த இசையின் இனத்தை 'ஃபங்க்' என்பர். அறுபதுகளின் நடுப்பகுதியில் ஜேம்ஸ் பிறவுண் என்னும் கறுப்பினப் பாடகர், இசைக்குழுவின் எல்லா வாத்தியங்களையும் மேளமாக மாற்றினார் என்று சொன்னால் அது மிகையாகாது. நான்கடித் தாளவட்டத்தின் முதலடியிற் குழு முழுவதும் ஒருசேர வந்து விழும். எஞ்சிய அடிகளில் ஒவ்வொரு வாத்தியமும் மற்றதன் இடைவெளியைத் தேடிப் புகுந்து விளையாடும். ராகம் வளர்வதில்லை, சுருதி மாறிச் செல்வதும் அரிது. ஒரே தாளக்கட்டின் உள்ளேயே நின்று உடலை அசைப்பதுதான் அதன் நோக்கம். ஸ்லை ஸ்டோன், ஜோர்ஜ் கிளின்ரன் முதலியோர் எழுபதுகளில் இதனைப் பேரணியாக்கினர். ஊதுகுழல்கள், பாடகர் கூட்டம், வேடங்கள் என மேடை நிறைந்து வழிந்தது.

பிரின்ஸ் அந்த மேடையை வெறுமையாக்கினார். ஊதுகுழற்காரர் வாசிக்க வேண்டிய இடங்களில் மின்னணுப் பெட்டியான சிந்தசைசரின் மெல்லிய, சற்றே கூச்சமூட்டும் ஒலி வந்து அமர்ந்தது. பேஸ் கித்தார் ஓர் ஓரமாக உறுமும். மேளம் எவ்வித அலங்காரமுமின்றிக் கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டேயிருக்கும். அதன்மேல் அவரது கள்ளக்குரல். ஆண்குரலின் இயல்பான எல்லைக்கு மேலே சென்று, பெண்குரலையொத்த உச்சத்திற் பாடுவதையே நம்மவர் கள்ளக்குரல் என்பர். தொகுதி முழுவதையும் ஏறத்தாழ அக்குரலிலேயே அவர் பாடியிருக்கிறார். மிகக் கரடுமுரடான பொருளை மிக மென்மையான குரலிற் சொல்வதால் ஏற்படும் கிறுகிறுப்பே இத்தட்டின் முதன்மையான சுவை. அக்காலத்தில் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் வெள்ளையின இளைஞர் வாசித்துக்கொண்டிருந்த 'நியூ வேவ்' என்னும் எளிய, விரைவான கித்தார் இசையும் இதிற் கலந்திருக்கின்றது. கறுப்பர்க்கென ஒரு வானொலி, வெள்ளையர்க்கென ஒரு வானொலி என இசை பிரிந்து கிடந்த நாட்டில், இந்தக் கலப்பு உறையின் படத்தைவிடப் பெரிய அத்துமீறலாகச் சிலருக்குப் பட்டிருக்கும்.

உறைப்படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அலன் பியூலியு என்பவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அது. கழற்றி நிமிர்த்திய கட்டிலொன்றின் இரும்புச் சுருள்வில்கள் பின்னணி. முன்னே நீண்ட மழைக்கோட்டைத் திறந்துவிட்டு, கழுத்திற் கைக்குட்டையும் இடையிற் சிறு உள்ளாடையும் மட்டும் அணிந்தவராய் பிரின்ஸ் நிற்கிறார். பார்வையில் அழைப்பும் இல்லை, வெட்கமும் இல்லை, 'பார்த்தாயிற்றா?' என்று கேட்பதுபோன்ற ஓர் அலட்சியம் இருக்கின்றது. ஆண்மை இன்னவாறு உடுக்கும், இன்னவாறு பாடும் என்று வகுத்து வைத்திருந்தவர்களுக்கு அந்த நிலையே போதிய மறுமொழி.

இனிப் பாடல்கள். எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க என்னால் இயலவில்லை. 'வென் யூ வேர் மைன்' என்பது, தன்னை விட்டுப் போனவளை இன்னும் நேசிப்பவனது பாட்டு. வஞ்சிக்கப்பட்டவன் கோபிக்காமல், அன்று இருந்ததைவிட இன்றுதான் அன்பு மிகுந்திருக்கிறதென்று ஒப்புக்கொள்ளும் விந்தை அதிலுண்டு. சின்டி லோப்பர் 1983 இல் அதனைத் தம் தொகுதியிற் பாடியபோது, பெண்குரலுக்கும் அது சற்றும் பிசகின்றிப் பொருந்திற்று. 'அப்டவுன்' என்பது நிறமும் இனமும் உடையும் பார்க்காத ஒரு நகர்ப்பகுதியைக் கற்பனை செய்யும் பாட்டு. அப்டவுன் என்பது மினியாபொலிஸில் உண்மையாகவே உள்ள ஓரிடம்; பாட்டில் வருவதோ அவ்விடத்தின் பெயரைத் தாங்கிய ஒரு விருப்பம். இறுதிப்பாட்டான 'பார்ட்டியப்' களியாட்டப் பாட்டாகத் தொடங்கிப் போர் மறுப்பாக முடிகின்றது. 1980 ஜூலையில் ஜனாதிபதி கார்ட்டர் இளைஞர்களைப் படைச் சேவைக்குப் பதிவு செய்யும் முறையை மீண்டும் கொண்டுவந்திருந்தார் என்பதை நினைவிற் கொண்டால், அந்த முடிவின் காரம் விளங்கும்.

தொகுதிக்குக் கெட்ட பெயரைத் தேடித்தந்தவை இரண்டாம் பக்கத்து இரு பாடல்கள். ஒன்று, மணக்கோலத்தில் தேவாலயத்துக்குச் செல்லும் பெண்ணொருத்தி வழியிற் கதைசொல்லியைச் சந்தித்து மனம் மாறுவதைக் கூறுவது. குழுவிற் புதிதாகச் சேர்ந்திருந்த லிசா கோல்மன் மணமகளின் குரலைத் தந்தார். சொற்கள் இங்கே எழுதத்தக்கவையல்ல. எனினும் அப்பாட்டில் ஒரு நாடகம் இருக்கின்றது, நகைச்சுவை இருக்கின்றது, தாளக்கட்டோ அத்தொகுதியிலேயே சிறந்தது. மற்றையது இரத்த உறவின் எல்லையை மீறும் பாட்டு. ஒன்றரை நிமிடத்தில் ஓடி மறைகின்றது. அதில் நான் நாடகத்தைக் காணவில்லை. கேட்பவரை எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்று பார்க்கும் சிறுபிள்ளைத்தனத்தையே காண்கிறேன். அதிர்ச்சி ஒரு கருவியாக இருக்கும்வரை கலைக்கு உதவும், தானே பொருளாகிவிடின் உதவாது என்பதற்கு ஒரே தட்டின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு சான்றுகள் கிடைப்பது மாணவர்க்கு வசதியே.

விமரிசகர்கள் தட்டை உயர்த்திப் பேசினர். கடைகளில் அது முந்தியதைப்போல் விலைப்படவில்லை. இரண்டாவது தொகுதி நாடளாவிய பட்டியலில் 22 ஆம் இடம்வரை சென்றிருக்க, இது 45 ஆம் இடத்தோடு நின்றது. வானொலி நிலையங்கள் துணிந்து ஒலிபரப்பக்கூடிய பாடல்கள் இதிற் சிலவே. 1981 ஒக்டோபரில், றோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தமது நிகழ்ச்சிக்கு முன்னோடியாகப் பாடுமாறு பிரின்ஸை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பெரிய விளையாட்டரங்குக்கு அழைத்தனர். பல்லாயிரக்கணக்கான கூட்டம். உறைப்படத்திற் கண்ட அதே கோலத்தோடு அவர் மேடையேறினார். கூச்சலும் வசைமொழியும் எழுந்தன. போத்தல்களும் உணவுப் பண்டங்களும் பறந்து வந்தன. சில பாடல்களோடு இறங்கி, ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். பின்னர் சமாதானப்படுத்தப்பட்டு, 11 ஆம் திகதி நடந்த இரண்டாவது நிகழ்ச்சிக்கு மீண்டும் வந்தார். மீண்டும் அதே வரவேற்பு. மூன்றாண்டுகளுக்குள் 'பேப்பிள் றெய்ன்' திரைப்படமும் தொகுதியும் வந்து அவரை உலகறிந்தவராக்கின என்பதை வாசகர் அறிவர். 'டேர்ட்டி மைன்ட்' ஐந்து இலட்சம் பிரதிகளுக்குரிய தங்கச் சான்றைப் பெற்றதும் அந்த 1984 ஆம் ஆண்டிலேதான்.

சேகரிப்போர் கதை இந்த இடைவெளியிலிருந்தே தொடங்குகின்றது. ஒரு தட்டுக்குப் புகழ் பின்னால் வருமாயின், புகழுக்கு முந்திய பிரதிகளுக்கும் பிந்திய பிரதிகளுக்கும் வேறுபாடு காணும் ஆசை பிறக்கும். அந்த வேறுபாட்டை எவ்வாறு காண்பது? வணிகர் 'பிரெஸிங்' என்பதை நான் வார்ப்பு என்று குறிக்கிறேன். தட்டு உருவாகும் முறையை அறிந்தால் இது எளிதில் விளங்கும். ஒலிப்பதிவு நாடாவிலுள்ள ஒலியை, அரக்குப் பூச்சிட்ட உலோக வட்டொன்றில் ஊசியாற் சாலாக வெட்டுவர். அவ்வட்டின்மீது உலோகப் படிவம் ஏற்றி எதிருருவம் எடுப்பர். அதிலிருந்து தாயுருவம், தாயுருவத்திலிருந்து அச்சுத் தகடுகள். இளக்கிய வினைல் என்னும் பிளாஸ்ரிக்கை இரு தகடுகளுக்கிடையே வைத்து அழுத்தத் தட்டுப் பிறக்கின்றது. அச்சுத் தகடு சில ஆயிரம் தட்டுகளோடு தேய்ந்துவிடும். புதிய தகடு வேண்டும். அரக்கு வட்டையே மீண்டும் வெட்ட நேர்வதும் உண்டு. ஆகவே ஒரே தொகுதி என்று கடையில் விற்கப்படுவது உண்மையிற் பல வார்ப்புகள். பதிப்புத் துறையினர் பாடபேதம் என்று கூறுவதற்கு நிகரானது இங்கும் இருக்கின்றது.

இவற்றைப் பிரித்தறிய உதவுவது தட்டின் நடுவிலுள்ள கடதாசி வட்டமன்று. இறுதிப்பாட்டு முடிந்து ஊசி ஓய்வுபெறச் செல்லும் வெற்று வளையமே. அங்கே வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்துப் பார்த்தால், கையாற் கீறிய எண்களும் எழுத்துகளும் முத்திரைகளும் தெரியும். தொகுதியின் எண், எந்தப் பக்கம், எத்தனையாவது வெட்டு, எந்தத் தொழிற்சாலை என்ற விபரங்கள் அங்கே உறைகின்றன. 'டேர்ட்டி மைன்ட்' தொகுதியின் முதலாவது அமெரிக்கப் பதிப்பின் எண் பீ.எஸ்.கே. 3478. இந்த எண்ணை மட்டும் கண்டு முதல் வார்ப்பு என்று நம்பிவிடக் கூடாது. பின்னைய வார்ப்புகளும் அதே எண்ணைத் தாங்கி வருவதுண்டு. வளையத்து எழுத்தையும் நடுத்தாளின் அச்சையும் உறையின் கடதாசியையும் ஒப்பு நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். சேகரிப்போரை, பொருளில் மயங்கிய பித்தர் என்று நகைப்பவர்கள் ஒருமுறை அவர்களோடு அமர்ந்து இந்த வளையத்தை வாசித்துப் பார்க்கட்டும். ஏட்டுச் சுவடியின் எழுத்தை வெயிலிற் பிடித்து வாசித்த பொறுமைக்கு அது உறவானது.

மிகவும் தேடப்படுபவை மூவகை. தொழிற்சாலை முதலில் எடுத்துப் பார்க்கும் சோதனை வார்ப்புகள். பெயரற்ற வெள்ளை நடுத்தாளோடு மிகச் சிலவே எடுக்கப்படுவன. அடுத்தவை வானொலி நிலையத்தாருக்கும் விமரிசகருக்கும் இலவசமாக அனுப்பப்படும் விளம்பரப் பிரதிகள். இவை பெரும்பாலும் முதல் அச்சுத் தகடுகளிலிருந்து வருவன என்பதால், ஒலி கூர்மையாக இருக்கும் என்று நம்பப்படுகின்றது. உறையிற் பொன்னிற முத்திரையொன்று குத்தி, இது விற்பனைக்கன்று, கொம்பனியின் சொத்து என்று எழுதிவிடுவது அந்நாளைய வழக்கம். கொம்பனியின் சொத்தை மற்றவர் வாங்கி விற்பது முறையா என்ற ஐயம் சேகரிப்போரை நெடுங்காலம் உறுத்திற்று. 2011 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், கேளாமலே அனுப்பப்பட்ட விளம்பர இறுவட்டுகளைப் பற்றிய வழக்கில், அவை பெற்றவர்க்கே சொந்தம், அவற்றை விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஒலிக்கும் பொருள் கைமாறியபின் அதன்மீது ஆக்கியோனுக்கும் வெளியிட்டோனுக்கும் எவ்வளவு பிடி எஞ்சுகின்றது என்பதற்குச் சட்டம் கொடுத்த விடை இது.

மூன்றாவது வகை பிற நாட்டு வெளியீடுகள். 1981 இல், பிரின்ஸ் முதன்முறையாக இலண்டனிற் பாடச் சென்ற காலத்தையொட்டி, 'கொட்டா ஸ்டொப்' என்னும் தனித்தட்டு பிரித்தானியாவில் வெளிவந்தது. தொகுதியில் இடம்பெறாத பாட்டு. அங்கே அது பெரிதாக விலைபோகவில்லை. அதனாலேயே இன்று அது அரியது. சேகரிப்பு உலகின் நியாயம் இப்படித்தான் தலைகீழாக நடக்கும். மக்கள் விரும்பி வாங்கியது மலிவு. மக்கள் கைவிட்டது பொன்.

என்னிடமுள்ள பிரதி இவ்வரிசைகளில் எதிலும் சேராது. கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் பழைய தட்டுக்கடையொன்றில் வாங்கி அனுப்பியது. உறையின் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கின்றது. விற்காமற் தேங்கிய தட்டுகளை மலிவு விலைக்குத் தள்ளிவிடும்போது, அவற்றை மீண்டும் முழுவிலைக்குக் கொண்டுவந்து கொடுக்காதபடி மூலையை வெட்டிவிடுவது அமெரிக்க வணிக வழக்கம். சேகரிப்போர் கண்ணில் அது அங்கவீனம், விலை குறையும். எனக்கோ அந்த வெட்டுத்தான் பிடித்திருக்கின்றது. 22 வயது இளைஞன் ஒருவன் துணிந்து செய்த காரியத்தை ஒரு காலத்துச் சந்தை எவ்வாறு மதித்தது என்பதற்கு அது கைச்சாத்திட்ட சாட்சி.

ஒலி பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வார்ப்புத்தான் சிறந்தது என்னும் நம்பிக்கையை நான் கண்மூடி ஏற்பதில்லை. ஆனால் இத்தட்டில் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கத்துக்குப் பதினான்கு, பதினாறு நிமிடங்களே ஓடுவதால், சால்களை அகலமாகவும் ஆழமாகவும் வெட்ட இடம் இருந்தது. இருபத்தைந்து நிமிடத்தை ஒரு பக்கத்தில் அடைக்கும் தட்டுகளில் அந்த வசதி இராது. பேஸும் மேளமும் நெஞ்சிலே வந்து மோதுவதற்கு இதுவும் ஒரு காரணம். இறுவட்டிற் கேட்டபோது மாதிரிப் பதிவின் வறட்சி ஒரு குறையாகத் தோன்றிற்று. தட்டிற் கேட்கையில் அவ்வறட்சியே குணமாகின்றது.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகிறேன். 1985 இல் அமெரிக்க அரசியல்வாதி ஒருவரின் துணைவியாரான டிப்பர் கோர், தம் மகளுக்கு வாங்கிக் கொடுத்த 'பேப்பிள் றெய்ன்' தொகுதியிலிருந்த பாட்டொன்றைக் கேட்டுத் திடுக்கிட்டு, வேறு சில மாதரோடு சேர்ந்து இயக்கம் தொடங்கினார். செப்தெம்பரில் செனற் சபையில் விசாரணை நடந்தது. பெற்றோருக்கு எச்சரிக்கை தரும் ஒட்டுத்தாள் தட்டுகளில் வந்தது. 'டேர்ட்டி மைன்ட்' அந்த ஒட்டுத்தாளுக்கு ஐந்தாண்டு மூத்தது. ஆனால் இந்தப் பாடல்களை மேடையிலிருந்து இறக்கியவர் செனற்றரும் அல்லர், பெற்றோரும் அல்லர், பாடியவரே. 2001 ஆம் ஆண்டில் பிரின்ஸ் யெகோவாவின் சாட்சிகள் சபையிற் சேர்ந்தார். அதன்பின் தமது வெளிப்படையான பாலியற் பாடல்களைப் பாடுவதைத் தவிர்த்தார். மனிதன் மாறுவது இயல்பு. மாறியதை நடத்தையிற் காட்டுவது நேர்மை. அவரை நான் குறைகூறேன். கடைகளிலிருந்து தொகுதி திரும்பப் பெறப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

திரும்பப் பெற அவர் முயன்றது வேறொன்றை. 1987 ஆம் ஆண்டு, தாம் ஃபங்க் இசையை மறந்துவிட்டார் என்று குற்றஞ்சாட்டியோர்க்கு விடையாக, முரட்டுத்தனமும் ஆபாசமும் கலந்த ஒரு தொகுதியை ஆக்கினார். உறையிற் பெயரில்லை, படமில்லை; முற்றும் கறுப்பு. அதனாற் 'கறுப்புத் தொகுதி' என்றே அழைக்கப்படுகின்றது. டிசெம்பர் 8 ஆம் நாள் வெளியாகவிருந்த அதனை, ஒரு வாரத்துக்கு முன்னர், இது தீயது என்று கருதித் தாமே நிறுத்தினார். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பிரதிகள் அழிக்கப்பட்டன. அதற்குப் பதிலாக 1988 இல் வந்தது 'லவ்செக்ஸி' என்னும் பக்தியும் காதலும் கலந்த தொகுதி. ஆனால் அழிப்பிலிருந்து தப்பிய சில பிரதிகளைக்கொண்டு கள்ளப் பிரதிகள் உலகெங்கும் பரவின. 1994 நவம்பரில், குறுகிய காலத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு, அத்தொகுதி முறைப்படி வெளியிடப்பட்டது. 2016 ஏப்ரலில் பிரின்ஸ் காலமானார். அடுத்த ஆண்டு, முன்னர் வோர்னர் நிறுவனத்திற் பணிபுரிந்த ஒருவரிடம் 1987 ஆம் ஆண்டு வார்ப்புகள் சில பிரிக்கப்படாமலே இருந்தது தெரியவந்தது. 2018 இல் கனடிய வார்ப்பொன்று 27,500 டொலருக்கு விலைபோயிற்று.

இவ்விரு தட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது என் மனம் ஒரே பக்கம் சாய மறுக்கின்றது. வெளியிடுமுன் நிறுத்திக்கொள்ள ஆக்கியோனுக்கு முழு உரிமை உண்டு. கறுப்புத் தொகுதியைக் களவாகப் பரப்பியவர்கள் ஒரு மனிதனது மனச்சாட்சியை மிதித்தே அதனைச் செய்தனர். எவ்வளவு அரிய வார்ப்பாயினும் அதற்காக 27,500 டொலர் கொடுத்தவர் மீது எனக்குப் பொறாமை இல்லை. 'டேர்ட்டி மைன்ட்' நிலைமை அவ்வாறன்று. அதனை அவர் மனமறிந்து வெளியிட்டார். மெருகிடாதே, திருத்தாதே, அப்படியே விடு என்று வாதாடி வெளியிட்டார். அதன்பின் அது அவரது வாழ்க்கைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தட்டைக் கேட்டு வளர்ந்த பாடகர்கள் உளர். அதிற் பிழை கண்ட பெற்றோர் உளர். அதன் உறையைப் பார்த்து, ஆண்பிள்ளை இப்படியும் நிற்கலாமா என்று முதன்முறையாக எண்ணிப் பார்த்த சிறுவர் எத்தனையோ பேர் இருந்திருப்பர். 1989 இல் 'றோலிங் ஸ்டோன்' சஞ்சிகை அந்தப் பத்தாண்டின் நூறு சிறந்த தொகுதிகளை வரிசைப்படுத்தியபோது இதற்கு 18 ஆம் இடம் கொடுத்தது.

என் பிரதியின் இரண்டாம் பக்கத்தில், மூன்றாவது பாட்டின்மேல் ஆழமான கீறல் ஒன்று இருக்கின்றது. முன்னைய உரிமையாளர் தற்செயலாக ஏற்படுத்தியதா, அந்த ஒன்றரை நிமிடப் பாட்டைப் பொறுக்காமல் வேண்டுமென்றே கீறியதா என்பது தெரியவில்லை. ஊசி அங்கே துள்ளி, பாதிப்பாட்டைத் தாண்டி, போர் வேண்டாமென்னும் கடைசிப்பாட்டுக்குள் விழுகின்றது.